வெளிநாட்டுக் கல்வி, வர்த்தக இணையவழிக் கருத்தரங்குகள்: கொழும்பிலிருந்து முதன்முறையாக இணைபவர்களுக்கு

கடந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாள் இரவு 8.30க்கு, இலண்டனிலிருந்து நடத்தப்பட்ட ஒரு குழுக் கலந்துரையாடலில் இணைவதற்காக வெள்ளவத்தையில் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். திரையில் பேச்சாளர்கள் நன்றி கூறி விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். சில நாட்களுக்கு முன்னர் பிரித்தானியாவில் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. அதே ஆண்டில் வேறொரு கருத்தரங்கில், பேசிய அதிகாரி ஒருவர் உங்கள் பெறுபேற்றுத் தாளை இந்த வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள் என்று நேரடியாகக் கேட்டபோது, என்னிடம் அனுப்புவதற்கு அது இருக்கவில்லை.

அதன் பிறகு, சர்வதேச வணிகத்தில் பட்டப்பின்படிப்புக்கு எனக்காகவும், கறுவா ஏற்றுமதியைத் தொடங்க முயன்ற என் மாமாவுக்காகவும் இத்தகைய பல கூட்டங்களில் இணைந்திருக்கிறேன். கூட்டம் நடக்கும் ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் பெறுவது கொஞ்சம்தான். அதற்கு முந்திய வாரங்களில் செய்யும் ஆயத்தமும் மறுநாள் காலையில் எழுதும் மடலுமே பயனைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் கூட்டத்தைவிட அதன் முன்னும் பின்னும் உள்ள வேலைகளையே அதிகமாக விளக்கியிருக்கிறேன்.

1. யார் நடத்துகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

கொழும்பில் உள்ளவர்களின் கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். பல்கலைக்கழகமோ புலமைப்பரிசில் வழங்கும் அமைப்போ தானே நடத்துவது முதல் வகை. வர்த்தக சம்மேளனங்கள், ஏற்றுமதி அபிவிருத்திச் சபை போன்றவை தொழில் முயற்சியாளர்களுக்காக நடத்துபவை இரண்டாம் வகை. வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் நடத்துபவை மூன்றாம் வகை. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அதிகம் சுற்றுபவை இவையே.

முகவர் நடத்தும் கூட்டம் என்பதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாணவர் சேர்ந்தால் பல்கலைக்கழகம் முகவருக்குத் தரகுப் பணம் கொடுக்கும் வழக்கம் உண்டு என்பதையும், அதனால் தாம் ஒப்பந்தம் செய்துள்ள பல்கலைக்கழகங்களைப் பற்றியே அவர் பேசுவார் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அங்கே கேட்ட ஒவ்வொரு தகவலையும் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

முதல் வகைக் கூட்டங்களைக் கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை. அமெரிக்காவில் படிக்க விரும்புபவர்கள் கொள்ளுப்பிட்டியிலுள்ள அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனைச் சேவையையும், பிரித்தானியாவுக்குச் செல்ல விரும்புபவர்கள் பிரிட்டிஷ் கவுன்சிலின் அறிவித்தல்களையும், ஜேர்மனியை எண்ணியிருப்பவர்கள் ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் அமைப்பின் அறிவித்தல்களையும் பின்தொடர்வது போதுமானது.

2. பதிவு செய்வதற்கு முன் சரிபாருங்கள்

அழைப்பு எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்துள்ளது என்று பாருங்கள். டொட் ஏசி டொட் யூகே என முடியும் முகவரிகளைப் பிரித்தானியாவிலும், டொட் ஈடியு என முடிபவற்றை அமெரிக்காவிலும், டொட் ஈடியு டொட் ஏயூ என முடிபவற்றை அவுஸ்திரேலியாவிலும் எவரும் விரும்பியபடி வாங்கிவிட முடியாது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் அழைப்பை நம்பிவிடாதீர்கள்.

நிறுவனத்தையும் சரிபார்க்கலாம். அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கற்கைநெறிகள் கிரிகோஸ் என்னும் அரச பதிவேட்டில் இருக்கின்றன. கனடா, தான் அங்கீகரித்த கல்வி நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. பிரித்தானிய உள்துறை அமைச்சு, மாணவர் விசாவுக்கு அனுசரணை வழங்கும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பதிவேட்டை வைத்திருக்கிறது. ஜேர்மனியில் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களை ஹோக்ஷூல்கொம்பாஸ் என்னும் தளத்தில் தேடலாம். இவை அனைத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பெயரைத் தேட ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படாது. பட்டத்துடன் நாடு திரும்பி அரச துறையில் வேலை தேடும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டம் இங்கே ஏற்றுக்கொள்ளப்படுமா என்பதை வோட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. கருத்தரங்குக்குப் பதிவு செய்யும்போதே கடவுச்சீட்டின் பிரதியையோ வங்கி விபரத்தையோ கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒரு கூட்டத்தைக் கேட்பதற்குப் பெயரும் மின்னஞ்சலும் போதும். கூட்டத்தின் முடிவில் இன்றிரவுக்குள் முற்பணம் கட்டினால் இடம் ஒதுக்கப்படும் என்று அவசரப்படுத்தினால் கட்ட வேண்டாம். கல்வி என்று தொடங்கி வெளிநாட்டு வேலை என்று பேச்சு திரும்பினால், அந்த நிறுவனத்திடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதைப் பணியகத்தின் இணையத்தளத்திலோ 1989 என்ற இலக்கத்திலோ விசாரியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, ஒரு முகவரின் கூட்டம் முடிந்த அதே இரவில் தன் அம்மாவின் சேமிப்பிலிருந்து முற்பணம் கட்டினாள். அந்தப் பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

3. உங்கள் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி பதியுங்கள்

தமிழர்களாகிய நமக்கு இந்தப் படியில் வரும் சிக்கல் சிறியதன்று. பதிவுப் படிவம் முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே கேட்கிறது; நமக்கோ தந்தையின் பெயரும் சொந்தப் பெயரும்தான் இருக்கின்றன. ஒருவர் தந்தையின் பெயரை முதலில் எழுதுவார், இன்னொருவர் தலைப்பெழுத்தாகச் சுருக்குவார், பாடசாலையில் மூன்றாவது விதமாகப் பதிந்திருப்பார்கள். தகரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் ஆவணத்தில் எச் எழுத்துச் சேர்ந்தும் மற்றதில் சேராமலும் இருக்கும்.

கடவுச்சீட்டில் எந்தப் பகுதியில் எந்தப் பெயர் உள்ளதோ, அதை அப்படியே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். பங்குபற்றியதற்கான சான்றிதழில் நீங்கள் பதிவு செய்த பெயரே அச்சாகும், பின்னர் திருத்தித் தரும்படி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதைவிட முக்கியமாக, கூட்டத்தில் ஒரு பெயரிலும் விண்ணப்பத்தில் இன்னொரு பெயரிலும் தோன்றினால், உங்களை நினைவில் வைத்திருக்கக்கூடிய அதிகாரிக்கும் நீங்கள் யாரென்று தெரியாமல் போய்விடும். பிறப்புச் சான்றிதழிலும் பெறுபேற்றுச் சான்றிதழிலும் பெயர் வேறுபட்டிருந்தால், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசியை இப்போதே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. நேரத்தைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றி எழுதிவையுங்கள்

இலங்கையின் நேரம் ஆண்டு முழுவதும் ஒன்றே. நாம் சேர விரும்பும் நாடுகள் பலவற்றில் அது ஆண்டுக்கு இருமுறை மாறுகிறது. பிரித்தானியாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை நாம் நாலரை மணித்தியாலம் முன்னே இருக்கிறோம், மீதிக் காலத்தில் ஐந்தரை. ஆகவே இலண்டன் பிற்பகல் 3 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் இரவு 8.30. ஜேர்மனியும் அதே நாட்களில் மாறுகிறது. வித்தியாசம் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை.

அமெரிக்கா மாறும் நாட்கள் வேறு: மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறும். நியூயோர்க்கில் நண்பகல் 12 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் இரவு 10.30. அமெரிக்க மேற்குக் கரையில் மாலை நடக்கும் கூட்டம் நமக்கு மறுநாள் காலையாகிவிடும் என்பதால் திகதியையும் சரிபாருங்கள். சிட்னியும் மெல்பேணும் நம்மைவிட நாலரை மணித்தியாலம் முன்னே உள்ளவை, ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்பிரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ நடந்தால் கணக்கே தேவையில்லை, இந்திய நேரமும் நம்முடையதும் ஒன்றுதான்.

அழைப்பில் இருக்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்ப வேண்டாம். ஈ.எஸ்.டி. என்பது நியூயோர்க்கின் நேரத்தையும் குறிக்கும், சிட்னி நேரத்தையும் சிலர் அப்படியே எழுதுவார்கள். நகரத்தின் பெயரைக் கண்டுபிடித்து, கூகுள் நாட்காட்டியில் அந்த நகரத்தின் நேர வலயத்துடன் நிகழ்வைப் பதிந்தால், கொழும்பு நேரம் தானாகவே வந்துவிடும். நான் இப்போது இதற்கு மேலும், சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில் பேனாவால் எழுதிவிடுகிறேன். அந்த ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் கூப்பிடாதிருக்க வேண்டும் என்பது வீட்டிலுள்ளவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

5. ஆவணங்களைக் கூட்டத்துக்கு முன்பே ஒழுங்குசெய்யுங்கள்

நான் அதிகம் இழந்தது இந்தப் படியில்தான். கூட்டத்தைக் கேட்பதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் நல்ல கூட்டம் ஒன்றின் முடிவில் விண்ணப்பக் கட்டண விலக்கோ, தனிப்பட்ட சந்திப்போ, முற்கூட்டிய மதிப்பீடோ வழங்கப்பட்டால், அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு வாரமோ பத்து நாளோதான். நம்முடைய அலுவலகங்களிலிருந்து ஓர் ஆவணத்தைப் பெறுவதற்கு அந்த அவகாசம் போதாது.

கடவுச்சீட்டிலிருந்து தொடங்குங்கள். காலாவதியாக ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தில் புதுப்பிப்பதற்கான நாளை இப்போதே ஒதுக்கிக்கொள்ளுங்கள். அடுத்தது சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள். பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையவழியாக விண்ணப்பித்து இவற்றைப் பெறலாம். சுட்டிலக்கமும் பரீட்சை எழுதிய ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும், அவற்றைத் தேடுவதற்கே எனக்கு இரண்டு நாள் ஆனது.

பட்டதாரியாக இருந்தால் பல்கலைக்கழகப் பெறுபேற்றுத் தாள் வேண்டும். நான் விண்ணப்பித்து மூன்று வாரம் காத்திருந்தேன், கையொப்பமிட வேண்டியவர் விடுமுறையில் இருந்ததே காரணம். வாங்கும்போது ஒன்றுக்கு மூன்று பிரதிகளாக, முத்திரையிட்ட உறைகளில் கேளுங்கள். பின்னர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நேர்ந்தால் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியிராது.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெறுங்கள். மொழிபெயர்ப்பில் பெயர் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டுடன் ஒத்திருக்கிறதா என்று அவருடைய அலுவலகத்திலிருந்து வெளியேறும் முன் பாருங்கள். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு வழங்கும் அத்தாட்சி எல்லா நிறுவனங்களுக்கும் தேவைப்படுவதில்லை. தேவைப்படுமா என்பதைக் கருத்தரங்கிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு அதன் பின்னர் செல்லுங்கள்.

ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையைப் பொறுத்தவரை, ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்று கொள்ளப்படுகிறது. கூட்டங்களில் உற்சாகம் பிறந்து உடனே பரீட்சை எழுதிவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் விண்ணப்பிக்கும் நிலை வந்தால், அந்தக் கட்டணத்தை மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். எந்த ஆண்டில் சேர்வது என்று முடிவான பிறகு திகதி எடுப்பதே சிக்கனம்.

நிதிச் சான்றுகளுக்குத்தான் அதிக முன்யோசனை வேண்டும். பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும், அந்த 28 நாட்களின் கடைசி நாள் விண்ணப்பிக்கும் திகதிக்கு முந்திய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும். இடையில் ஒரு நாள் தொகை குறைந்தாலும் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஜேர்மன் மாணவர் விசாவுக்கு, மாதந்தோறும் குறித்த ஒரு தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் 2024 செப்டெம்பர் முதல் ஆண்டொன்றுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இத்தகைய தொகைகள் அடிக்கடி மாறுபவை என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நாட்டு அரச இணையத்தளத்தில் மீண்டும் பாருங்கள்.

இவை அனைத்தையும் தெளிவாக ஸ்கான் செய்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, தொலைபேசியிலிருந்தும் திறக்கக்கூடிய ஒரே கோப்புறையில் வையுங்கள். படமாக எடுத்த வளைந்த தாள்கள் பல இடங்களில் நிராகரிக்கப்படுகின்றன.

6. வர்த்தகக் கலந்துரையாடலாக இருந்தால்

வேண்டிய ஆவணங்கள் இங்கே வேறு. தனிநபர் வியாபாரத்தைப் பிரதேச செயலகத்திலும் கம்பனியைக் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்திலும் பதிந்த சான்று, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி செலுத்துநர் இலக்கம், ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் பதிவு ஆகிய மூன்றும் இருந்தால் பேச்சு முன்னே நகரும். என் மாமா வியாபாரப் பதிவு மட்டும் கையிலிருந்த நிலையில் முதற் கூட்டத்தில் இணைந்தார், அங்கே சந்தித்த கொள்வனவாளருக்கு மாதிரி அனுப்ப முடியாமல் போனது.

உங்கள் பொருளின் சுங்கக் குறியீட்டைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே. அவற்றில் முதல் நான்கு இலக்கங்கள் தலைப்பு எனப்படும், கறுவாவுக்கு அது 0906. குறியீட்டைச் சொன்னால்தான் பேச்சாளரால் தீர்வை பற்றி உறுதியாக எதையும் கூற முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை வேறு, 2023 ஜூன் முதல் பிரித்தானியா தனியாக நடைமுறைப்படுத்தும் வளர்முக நாடுகளுக்கான வர்த்தகத் திட்டம் வேறு. இரண்டையும் கலந்து கேட்டால் பதிலும் கலங்கியே வரும். சலுகைக்குரிய நாட்டு மூலச் சான்றிதழ் பற்றி வர்த்தகத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

7. செலவுகள்

பல்கலைக்கழகங்கள் நடத்தும் கூட்டங்கள் அநேகமாக இலவசம். சம்மேளனங்களின் நிகழ்வுகளில் உறுப்பினருக்கு ஒரு கட்டணமும் ஏனையோருக்குக் கூடிய கட்டணமும் இருப்பது வழக்கம். உங்கள் வேலைத்தலம் உறுப்பினராக இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கட்டணத்தை அட்டை மூலம் செலுத்துவதானால், இணையவழி வெளிநாட்டுக் கொடுப்பனவு உங்கள் அட்டையில் திறந்துவிடப்பட்டுள்ளதா என்று வங்கியிடம் முதல் நாளே உறுதிசெய்யுங்கள். வங்கி பயன்படுத்தும் நாணய மாற்று வீதமும் அதன் மேலதிகக் கட்டணமும் சேரும்போது, நீங்கள் மனதில் கணக்கிட்டதைவிட அதிகமாகவே கழியும்.

டேட்டாவை மறந்துவிடாதீர்கள். வீடியோவுடன் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிகாபைட் அளவை ஒதுக்கி வைப்பது பாதுகாப்பானது. வீட்டு வைஃபை நின்றுபோனால் உடனே மாறுவதற்குத் தொலைபேசியில் அந்த அளவு மீதமிருக்க வேண்டும்.

8. கூட்டம் நடக்கும் நாளில்

பதிவு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் விளம்பரப் பகுதியிலோ ஸ்பாம் பகுதியிலோ விழுந்திருக்கலாம், அங்கே தேடுங்கள். ஸூம் இணைப்பு பதிவு செய்தவருக்கே உரியது. அதை நண்பருக்கு அனுப்பி அவரும் அதிலேயே நுழைந்தால் உங்களில் ஒருவர் வெளியேற்றப்படலாம். பதிவு செய்தவர்கள் அனைவருக்கும் இடம் உறுதி என்றும் எண்ண வேண்டாம், நடத்துபவரின் உரிமம் 500 பேருக்கானது என்றால் 501ஆவது ஆளால் நுழைய முடியாது. பத்து நிமிடம் முன்னதாகவே இணையுங்கள். வெபினார் வடிவில் நடந்தால் உங்கள் கமெராவும் ஒலிவாங்கியும் இயங்கமாட்டா, கேள்விப் பெட்டி மட்டுமே உங்களுக்குரியது. சாதாரண மீட்டிங் வடிவம் என்றால் உங்கள் முகமும் குரலும் தெரியும், காலி வீதியின் இரைச்சல் கேட்காத அறையைத் தேர்ந்தெடுங்கள்.

9. ஒரே ஒரு கேள்வி

அநாமதேயமாகக் கேட்கும் பெட்டியை அடையாளமிட வேண்டாம். பின்னர் மடல் எழுதும்போது, அந்தக் கேள்வியைக் கேட்டவர் நான்தான் என்று சொல்வதற்கு உங்கள் பெயர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இணையத்தளத்தில் உள்ளதைக் கேட்பதால் கேள்வி வீணாகிறது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்குக் குறைந்தது 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும் என்பதும், படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய பக்கத்திலேயே எழுதப்பட்டிருப்பவை. அவற்றைக் கேட்காமல், உங்கள் நிலையை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, பதில் எழுதப்படாத ஓர் இடத்தைக் கேளுங்கள். நான் கேட்டதில் நல்ல பதில் பெற்ற கேள்வி இது: நான் கொழும்பில் தளபாட ஏற்றுமதி நிறுவனமொன்றில் மூன்று ஆண்டு பகுதிநேரமாக வேலை செய்தேன், என் முதலாளி தமிழில் மட்டுமே கடிதம் தருவார், அதை மொழிபெயர்த்து இணைத்தால் போதுமா, அல்லது நீங்கள் அவருடன் நேரடியாகப் பேச விரும்புவீர்களா? பேச்சாளர் இரண்டு நிமிடம் பதில் சொன்னார், முடிவில் தன் அலுவலக மின்னஞ்சலையும் தந்தார். கேள்வியை முதல் நாளே தட்டச்சுச் செய்து வைத்திருந்து, கேள்வி நேரம் தொடங்குவதற்கு முன்னரே அனுப்புங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் வருபவை பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை.

10. மறுநாள் காலை

இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் ஒரு மடல் எழுதுங்கள். கூட்டத்தின் பெயரும் திகதியும், நீங்கள் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதிலில் உங்களுக்குப் பயன்பட்ட ஒன்று, உங்களுடைய அடுத்த வேண்டுகோள் ஒன்று. இவ்வளவும் எட்டு வரிக்குள் அடங்க வேண்டும். ஆவணங்களை அவர் கேட்காதவரை இணைக்காதீர்கள். கேட்டால் அன்றே அனுப்புங்கள். ஒளிப்பதிவின் இணைப்பு வந்தால் அந்த வாரத்திலேயே பார்த்துக் குறிப்பெடுங்கள், பல இணைப்புகள் சில வாரங்களில் செயலிழந்துவிடுகின்றன.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குள் நீங்கள் ஒரு திணைக்களத்துக்குப் போக வேண்டியிருந்தால், அந்த நாள் போயா விடுமுறையா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வெளிநாட்டு அலுவலகம் தந்த இறுதித் திகதி நம் விடுமுறைகளைக் கணக்கில் எடுப்பதில்லை.